ஊஞ்சக்காட்டுப் பிரிவில் மட்டும் சிவப்பு

ஜன்னல் பக்கம் நீங்க உட்காருங்க தம்பி. எனக்கு வேண்டாம். காற்று ஆகாது. காற்று எல்லாம் இல்லை, ஜன்னல் ஆகாது. உட்காருங்க, எடுக்கப் போகிறான்.

நான் சரவணம்பட்டியில் இறங்க வேண்டும். நீங்க? காந்திபுரமா? சரி. அப்போ நடுவில் எழுப்பிக்கொண்டிருக்க மாட்டீங்க.

இந்த டிரைவரைப் பாருங்க. போனைக் கண்ணாடிக்கு முன்னால் நிமிர்த்தி வைத்திருக்கிறான். பாட்டு மாற்றுகிறான். அன்னூர் பஸ் ஸ்டாண்ட் தாண்டுவதற்குள் கண் மூன்று தரம் கீழே போயிற்று. மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்து எண்ணினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எண்ணத்தான் வரும். பழக்கம்.

நானும் டிரைவர்தான். அரசு பஸ். சத்தி - கோவை ரூட். முப்பத்தொரு வருஷம். ஒரு கீறல் கிடையாது. நாய் அடிபட்டது கிடையாது. விபத்தில்லா ஓட்டுநர் என்று மெடல் கொடுத்தார்கள், மகள் வீட்டு ஷோகேஸில் கிடக்கிறது. பேரன் பொம்மை அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இருக்கட்டும்.

எப்படிக் கீறல் இல்லை என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை. கண்ணை ரோட்டை விட்டு எடுக்கக் கூடாது. அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஸ்கூல் வேண்டியதில்லை.

ஆனால் இதற்கு ஒரு கம்பெனி இருக்கிறது. அங்கேதான் இப்போது போகிறேன்.

கார் செய்கிறவர்கள் இல்லை. காருக்குள் முன்னால் டிவி மாதிரி ஒன்று இருக்கிறதே, அதைச் செய்கிறவர்கள். பாட்டு, மேப்பு, போன், ஏ.சி. எல்லாம் அதற்குள். முன்னே திருகு இருந்தது, திருகினால் காற்று வந்தது. இப்போது கண்ணாடியைத் தடவ வேண்டும். தடவினால் ஒரு பக்கம் வருகிறது, அதில் இன்னொன்றைத் தடவ வேண்டும். அதற்குள் எதிரே எருமை வந்திருக்கும்.

இதைத் திருத்துவதுதான் அவர்கள் வேலை. ஆள் ஓட்டுகிற நிலைமையைப் பார்த்து அந்தத் திரை தானே அடங்க வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு கேமரா. பட்டாணி அளவுதான். அது நம் கண்ணைப் பார்க்கும். கண் எங்கே போகிறது, கை எங்கே இருக்கிறது, பிரேக்கை எப்படி மிதிக்கிறோம், எல்லாம் பார்க்கும். நாம் நிதானமாக இருந்தால் பச்சை. திரையில் எல்லாம் தெரியும். கொஞ்சம் சிரமம் என்றால் மஞ்சள். பாதி தெரியும். கூட்டம், மழை, குறுக்கே ஆடு, மனசு வேறெங்கோ என்றால் சிவப்பு. திரை கறுத்துவிடும். ஸ்பீடு மட்டும் தெரியும். போன் வந்தால் உள்ளே விடாது, வாசலிலேயே நிறுத்திவைக்கும். நிதானம் வந்த பிறகு விடும்.

நல்ல யோசனைதான். நான் குறை சொல்லவில்லை.

அதற்கு, ஒழுங்காக ஓட்டுகிறவன் எப்படி ஓட்டுவான் என்று தெரிய வேண்டுமாம். டெப்போவில் கேட்டிருக்கிறார்கள், ரிட்டயர் ஆன ஆளில் கீறல் இல்லாதவன் யாரென்று. என் பேரைச் சொல்லிவிட்டார்கள். போனேன். வீட்டில் என்ன செய்யப் போகிறேன்.

அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு பெண். பெனிட்டா. நாகர்கோவில் பக்கம். நல்ல பெண்தான், கேள்விதான் ஜாஸ்தி. முதல் நாளே கேட்டது.

"ஐயா, முப்பத்தொரு வருஷத்துல உங்க கவனம் ஒரு தடவகூட செதறலையா?"

"இல்லை."

"ஒரு தடவகூட?"

"திரும்பக் கேட்டா மாறுமா?"

சிரித்தது. "உங்க மொகத்த வெச்சு மெஷினுக்குப் பாடம் எடுக்கப் போறோம்யா. கொஞ்சம் சிரிச்சுக் காட்டப்பிடாதா?"

"சிரிச்சுட்டு வண்டி ஓட்டறவனை நான் பாத்ததில்லை அம்மணி."

வேலை என்னவென்றால், நாள் விட்டு நாள் ஒரு சுற்று. சரவணம்பட்டியில் கிளம்பி, கோவில்பாளையம், கணேசபுரம், அன்னூர். அப்புறம் அதே ரோட்டில் திரும்பி வர வேண்டும். நான் ஓட்டுவேன். அந்தப் பெண் பின் சீட்டில் மடியில் கம்ப்யூட்டரோடு. மூன்று மாசம். நாற்பத்தொரு சுற்று. இருபது தரம் போவதற்குள் அவளுக்கு ரோட்டில் உள்ள பேக்கரி எல்லாம் தெரிந்துவிட்டது.

நான் சும்மா ஓட்டிவிட்டு வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஏ.சி.க்குத் திருகு வை என்றேன். வைத்தார்கள். எழுத்தைப் பெரிசாக்கு என்றேன். ஆக்கினார்கள். அந்த மெஷின் பேசும். பொம்பளைக் குரல். "முன்னால் வளைவு உள்ளது. கவனமாக ஓட்டவும்." வளைவிலேயே வந்து சொல்லும். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"என்னய்யா ஆச்சு?"

"இது கண்டக்டரா இருந்தா எறக்கி விட்டுருப்பேன்."

அப்புறம் விளக்கினேன். என் கண்டக்டர் மயில்சாமி. பதினாலு வருஷம் என்னோடு ஓடினான். வாய் மூடாது அவனுக்கு. மாமியார் கதை, எலெக்ஷன் கதை. ஆனால் வளைவு வரும்போது நிறுத்திவிடுவான். வாக்கியம் பாதியில் நிற்கும். வளைவு தாண்டினதும் அதே இடத்தில் தொடங்குவான். என் பிடரியைப் பார்த்தே தெரிந்துகொள்வான், இப்போது பேசலாமா கூடாதா என்று. அதுதான் கண்டக்டர். உன் மெஷினை அப்படிச் செய்.

அந்தப் பெண் ரொம்ப நேரம் எழுதியது. மறுநாள் சுவரில் பெரிசாக எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'மயில்சாமியாக இருந்தால் இப்போது பேசுவாரா?' ஆபீஸ் முழுக்க மயில்சாமி, மயில்சாமி. பார்த்திராத ஆளுக்கு மரியாதை. அவனுக்கே தெரியாது. நான் சொல்லவில்லை. பேச்சு இல்லை இப்போது. அவன் டூட்டி மாற்றிக்கொண்டு போய்விட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது.

பாருங்க, நாலாவது தரம் கண் கீழே போயிற்று. சைக்கிள்காரன் ஓரத்தில் போகிறான், இவனுக்குப் பாட்டு.

சரி. எங்கே விட்டேன்.

பச்சை. நான் ஓட்டினால் எப்போதும் பச்சை. அன்னூர்ச் சந்தை நாளில் பச்சை. மழையில் பச்சை. ஒரு தரம் குறுக்கே கன்றுக்குட்டி ஓடி வந்தது, நிறுத்தினேன், அப்போதும் பச்சை. பெனிட்டா பதறிவிட்டது. கேமரா கெட்டுவிட்டது என்று மாற்றினார்கள். புதிசிலும் பச்சை.

"ஐயா, உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா? எனக்கு நெஞ்சு இன்னும் அடிச்சிட்டிருக்கு."

"நின்னுருச்சுல்ல வண்டி."

"நின்னுது. ஆனா உங்க மொகம், இப்ப உள்ளதும் ஆபீஸ்ல காபி குடிக்கும்போது உள்ளதும் ஒண்ணா இருக்கு. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியலையே."

அதற்கு நான் என்ன செய்வது. முகம் அப்படித்தான். ஆறு வருஷமாக அப்படித்தான். மகளும் சொல்கிறாள். கல்யாண வீட்டிலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேனாம், எழவு வீட்டிலும் அப்படித்தானாம். நல்லதுதானே. அந்த மெஷின் அதைத்தான் கேட்கிறது. அசையாத ஆள்.

சரி, இப்போது தகராறுக்கு வருகிறேன்.

இருபத்தெட்டாவது சுற்றோ என்னவோ. அந்தப் பெண் தனியாகக் கூப்பிட்டது. "ஐயா, உங்களுக்கு ஒரு இடத்துல மட்டும் செவப்பு விழுது" என்றது.

"எங்கே?"

"கணேசபுரத்துக்கு முந்தி. ஊஞ்சக்காட்டுப் பிரிவு. போகும்போது இல்ல. வரும்போது மட்டும். எல்லாச் சுத்துலயும்."

"கேமராவ மாத்துங்க."

"மாத்தியாச்சு ஐயா. மூணு தடவ."

ஊருக்குள் ஒரு ரோடு பிரிகிற இடம், வேறு ஒன்றும் இல்லை தம்பி. இப்போது வரும், நீங்களே பார்ப்பீங்க. ஒரு பேக்கரி, ஒரு வேப்பமரம், பஸ் ஸ்டாப் கூரை. வளைவு இல்லை, பள்ளம் இல்லை, ஸ்கூல் இல்லை. அம்பு மாதிரி ரோடு. அங்கே எதற்குச் சிவப்பு?

என் வீடு அந்தப் பிரிவில் இருந்து உள்ளே நாலு வீடு தள்ளி. இருந்தது. இப்போது மகளோடு அன்னூரில். வீட்டைப் பூட்டியாயிற்று. அதற்கும் சிவப்புக்கும் சம்பந்தம் இல்லை, கேட்டீங்களே என்று சொன்னேன். கேட்கவில்லையா? சரி.

சாப்பாடு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அப்போதுதான் புரியும்.

மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு என் வண்டி அந்தப் பிரிவைத் தாண்டும். கோவை போகிற டிரிப். என் வீட்டுக்காரி, பாவாத்தா என்று பேர், கேரியர் கொண்டு வருவாள். மற்ற டிரைவர்களுக்கெல்லாம் இடது பக்கம், கண்டக்டர் கையில் கொடுப்பார்கள். வண்டி நின்றால் தருவார்கள். எங்கள் வீடு வலது பக்கம். பிரிவில் ஆள் ஏறி இறங்கி, அவள் சுற்றி வந்து கொடுத்தால் ஒரு நிமிஷம் போய்விடும். பின்னாலேயே தனியார் பஸ்காரன் நிற்பான். அதனால் அவள் ரோட்டுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டில் வந்து நிற்பாள். நான் வண்டியைத் தளர்த்துவேன். நிறுத்த மாட்டேன். வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவேன். கேரியர் கையில் வந்து உட்காரும். போய்விடுவேன். இருபத்திரண்டு வருஷம்.

அது தப்புதான். எல்லாருக்கும் தெரியும். செக்கிங் இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். அந்த ரூட்டில் எல்லாரும் செய்கிற ஏற்பாடு, எங்களது பக்கம் மாறியது, அவ்வளவுதான்.

இதில் கவனியுங்க. நான் பார்க்க மாட்டேன். கண் ரோட்டில்தான் இருக்கும். கை மட்டும் போகும். கை போனால் அங்கே கேரியர் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் நான் திரும்பி அவளைப் பார்த்ததில்லை. அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். "நான் நிக்கறனா, என்ற தங்கச்சி நிக்கறாளான்னுகூடத் தெரியாதுங்க இவருக்கு. கேரியருக்குத்தான் கை நீட்டறாரு" என்று மயில்சாமியிடம் சொல்வாள். அவன் ஒரு பாட்டுப் பாடுவான். அதை விடுங்க.

நான் பார்க்க மாட்டேன். அதுதான் நான். அதுதான் அந்த மெடல்.

இதை நான் பெனிட்டாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு. ஆனால் நாற்பத்தொரு சுற்றும் முடிந்த பிறகு அவள் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். அந்த இடம் மட்டும், எல்லாச் சுற்றும், ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி ஒட்டியது. நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன். முகம் அப்படியே. பிரிவு வருகிறது. காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுக்கிறேன். கண் வலது பக்கம் போகிறது. நேரே திரும்புகிறது. முக்கால் நொடி என்றாள். அப்புறம் வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போகிறது. ஏ.சி. கார், கண்ணாடி ஏற்றியிருக்கிறது. கை கண்ணாடியில் போய் முட்டுகிறது. அப்படியே கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்புறம் ஸ்டியரிங்குக்கு வந்துவிடுகிறது.

அடுத்த சுற்று. கண், கை, கண்ணாடி. அடுத்த சுற்று. கண், கை, கண்ணாடி. சட்டை மட்டும் மாறுகிறது.

"இது நான் இல்லை" என்றேன்.

"ஐயா..."

"சட்டை என்னுது. நான் இப்படிச் செய்யலை."

கம்ப்யூட்டரை மூடினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "இன்னொண்ணு ஐயா. நாங்க சொல்லிக்கொடுக்கவே இல்ல. முப்பதாவது சுத்துல இருந்து மெஷினே கத்துக்கிச்சு. அந்தப் பிரிவு வர்றதுக்கு இருநூறு மீட்டர் முந்தியே தெரைய அணைச்சிடுது. கொரல நிறுத்திடுது. அன்னைக்கு உங்க மக போன் பண்ணினாங்கல்லா, அத நிறுத்தி வெச்சு, பேக்கரி தாண்டித்தான் விட்டுது."

"அதுக்கு?"

"மயில்சாமி மாதிரி ஐயா."

காபி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் கோபம் வந்தது. கோபம் என்றுகூட இல்லை. என்னைப் பற்றி ஒரு மெஷினில் எழுதி வைத்திருக்கிறது, நஞ்சப்பன் ஓரிடத்தில் கண்ணை எடுப்பான் என்று. முப்பத்தொரு வருஷத்துக்கு அப்புறம். போன் போட்டேன். அழித்துவிடு என்றேன்.

"அழிக்கலாம் ஐயா. ஆனா காரணம் எழுதணும். 'அந்த இடத்துல நான் வலது பக்கம் பாக்கல, கேமரா தப்பா எடுத்திருக்கு'ன்னு நீங்க ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும். போட்டா தப்பான அளவுன்னு சொல்லித் தூக்கிருவோம். இல்லன்னா வெச்சுக்கணும்."

"வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"எனக்கு வெச்சுக்கத்தான் ஆசை. எல்லாருக்கும் ரோட்டுல இப்பிடி ஒரு எடம் இருக்கும்லா ஐயா. ஏன்னு கேக்காம அங்க வண்டி பேசாம இருக்கணும். அத நீங்கதான் எங்களுக்குக் காட்டினீங்க. ஆனா நீங்க பாக்கலன்னு சொன்னா, பாக்கலதான். நான் உங்களத்தான் நம்புவேன், கேமராவ இல்ல."

அந்தத் தாளில் கையெழுத்துப் போடத்தான் இப்போது போகிறேன். ஒரு கையெழுத்து. போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

கேட்கிறீர்களா? தூங்குகிறீர்களோ என்று பார்த்தேன்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று நீங்க கேட்கவில்லை. நல்லது. எல்லாரும் கேட்பார்கள். நானே சொல்கிறேன். சின்ன விஷயம்.

முந்தின நாள் கேரியர் லேட். கை நீட்டினேன், இல்லை. நிறுத்தினேன். அவள் ஓடி வந்து கொடுத்தாள். ஒன்றரை நிமிஷம். தனியார்காரன் பின்னாலிருந்து ஹாரன் அடித்தே கொன்றான், கோவில்பாளையத்தில் என்னை முந்திவிட்டான், கலெக்‌ஷன் எல்லாம் அவனுக்கு. ராத்திரி வீட்டில் சொன்னேன். "நாளைக்கு லேட்டானா நிக்க மாட்டேன்." "நிக்காட்டிப் போங்க, பட்டினி கெடங்க" என்றாள். சண்டை எல்லாம் இல்லை. வீட்டில் பேசுகிற பேச்சு.

மறுநாள் பன்னிரண்டு நாற்பது. கால் தளர்ந்தது. கை போயிற்று. கேரியர் இல்லை. வண்டியை எடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான். நான் பார்க்கவில்லை. பார்த்தால்தானே தெரியும், வந்துகொண்டிருக்கிறாள் என்று. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயில்சாமி ஒரு விசில் கொடுத்ததாகச் சொல்கிறான். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு விசில் கொடுத்தேன், அண்ணன் நிறுத்தவில்லை என்று போலீஸில் சொல்லவில்லை, என்னிடம் சொன்னான். ஒரே ஒரு தரம். எனக்கு விசில் கேட்கவில்லை. வண்டிச் சத்தம்.

கோவையிலிருந்து ஒரு கார் வந்தது. அவள் வெள்ளைக் கோட்டுக்கு வருவதற்குள் வந்துவிட்டது. நான் அதற்குள் பேக்கரியைத் தாண்டியிருந்தேன். பேச்சுக்குச் சொல்கிறேன்.

கார் ஓட்டினவனைப் பிறகு ஸ்டேஷனில் பார்த்தேன். குடிக்கவில்லை. ஸ்பீடும் அறுபதுதான். திரையில் போன் வந்தது சார், யாரென்று பார்த்தேன் என்றான். ரெண்டு நொடி. அழுதுகொண்டு நின்றான். நான் "சரி" என்றேன். வேறென்ன சொல்ல. அறுபதில் ரெண்டு நொடி என்றால் முப்பத்துமூன்று மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது மாதிரி என்று பெனிட்டா ஒரு நாள் படம் போட்டுக் காட்டியது. நான் அதை முன்னமே நடந்து பார்த்துவிட்டேன். போன் வந்ததாக அவன் காட்டின வேப்பமரத்திலிருந்து வெள்ளைக் கோடு வரைக்கும் அடி எண்ணி. சரியாக வந்தது.

நான் காந்திபுரத்தில் போய்த்தான் கேள்விப்பட்டேன். கேரியர் இல்லையே என்று ரெண்டு இட்லி வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். டைம் கீப்பர் வந்து தோளில் கை வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தேன். வேறு டிரைவர் போடுகிறோம் என்றார்கள். எதற்கு? டிரிப் என்னுடையது. நானேதான் ஓட்டிக்கொண்டு வந்தேன். பிரிவில் நாற்பது பேர் நின்றார்கள். அவர்கள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

அந்தக் கார்க்காரன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவன் பார்த்தான், தப்பு. நான் பார்க்கவில்லை, அது என் வேலை. ரெண்டும் வேறு வேறு. அடுத்த வருஷம்தான் மெடல் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். என் வண்டியில் கீறல் இல்லையே.

மகள் கேட்டாள், ஒரே ஒரு தரம். "அப்பா, அம்மா வர்றத நீங்க பாக்கலையா?" பார்க்கவில்லை என்றேன். அவளும் விட்டுவிட்டாள். நான் திரும்பவே மாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். அம்மாவே சொல்லிச் சிரிப்பாளே.

இப்போது இந்தக் கேமரா வந்து சொல்கிறது, எல்லாச் சுற்றும் பார்க்கிறாய் என்று. நாற்பத்தொன்றும். முக்கால் நொடி. அப்படியென்றால் என்ன அர்த்தம்? இருபத்திரண்டு வருஷமும் பார்த்தேன் என்று ஆகிறது. தினமும். அப்படியென்றால் அன்றைக்கும் என்று ஆகிறது.

அதனால்தான் கையெழுத்து.

முக்கால் நொடியில் என்ன தெரியும், சொல்லுங்க. ஒன்றும் தெரியாது. பச்சைச் சேலை, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கேரியரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தூக்கி நிறுத்து நிறுத்து என்று ஓடி வந்ததெல்லாம் முக்கால் நொடியில் எங்கே தெரியும். ஓடி வந்ததாகச் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று இப்போது ஞாபகம் இல்லை. யாரோ.

கணேசபுரம் நெருங்குகிறது. அடுத்தது பிரிவுதான். தூரத்தில் அந்த வேப்பமரம் தெரிகிறதா? அதுதான். ஒன்றும் இல்லை என்று சொன்னேனே.

இப்படிச் செய்யலாம். நீங்க சாட்சி. வெளியே பார்க்காதீங்க, என் முகத்தைப் பாருங்க. நான் நேராகத்தான் பார்த்துக்கொண்டு வருவேன். கண் போகிறதா என்று பாருங்க. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லலாம், பஸ்ஸில் ஒருத்தர் பார்த்தார், போகவில்லை என்றார் என்று.

பாருங்க.

இந்த டிரைவர் தளர்த்துகிறான். ஏறுகிறவர் யாரும் இல்லை போல. போகிறான்.

ம்.

தாண்டியாயிற்று. பேக்கரி போய்விட்டது. எப்படி? நேராகத்தானே பார்த்தேன். சொல்லுங்க.

ஏன் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீங்க? இடம் இல்லையா?

என்ன?

என் கையா?

எங்கே...

இது எப்போது இங்கே வந்தது? உங்கள் மடியைத் தாண்டியா வந்தது? இடித்துவிட்டதா? இடிக்கவில்லையா. சரி. ஜன்னல் கம்பி சுடுகிறது. வெயில். கொஞ்சம் இருங்க, எடுத்துவிடுகிறேன். விரலை விரித்துத்தான் இருக்கிறது, பாருங்க. கேரியர் பிடிக்க அப்படித்தான் விரிக்க வேண்டும்.

கண்ணும் போயிற்றா?

சொல்லுங்க, பரவாயில்லை. போயிற்றா?

சரி.

மணி என்ன? பன்னிரண்டு நாற்பத்திரண்டு. இவனும் டைமுக்குத்தான் ஓட்டுகிறான்.

தம்பி, கண்டக்டரைக் கூப்பிடுங்க. எனக்குக் குரல் போகாது. இறங்க வேண்டும். ஸ்டாப் இல்லைதான். சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க. இல்லை, சரவணம்பட்டிக்கு இப்போது இல்லை. திரும்பி அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடந்துகொள்வேன். வீட்டுச் சாவி பையில்தான் இருக்கிறது, எப்போதும் இருக்கும். அந்தப் பெண்ணுக்குப் போனில் சொல்லிக்கொள்கிறேன். கேமரா சரிதான், வைத்துக்கொள் என்று. தாளைக் கிழித்துப் போடட்டும். மகளுக்குத்தான் நேரில் சொல்ல வேண்டும்.

வழி விடுங்க. இல்லை, நான்தான் ஓரத்தில் இருக்கிறேன். பழக்கதோஷம்.

பச்சைச் சேலைதான் தம்பி. யாரும் சொல்லவில்லை.

விசில் கொடுத்துவிட்டான். ஒன்றுதான். பாருங்க, நிறுத்துகிறான். ஒரே விசிலுக்கு நிறுத்துகிறான்.

நல்ல டிரைவர்.